சாய்ந்த வீடுகள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சீனாவின் குய்சோ மாகாணத்தில் ஷிஜியாங் என்ற கிராமத்துக்குப் போயிருந்தேன். மியாவ் என்ற சிறுபான்மை இனத்தவரின் ஊர் அது. மலைச்சரிவில் மரக்கால்களில் நிற்கும் வீடுகளில் சில நன்றாகவே சாய்ந்திருந்தன. ஆணி இல்லாத இந்த வீடுகள் எத்தனை நாள் தாங்கும்? தூண்களுக்கு அடியில் கான்கிரீட் போட்டு, ஆட்களை வேறிடத்தில் குடிவைத்து, காட்சியகமாக்கினால் என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சாய்ந்ததைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தூண்களைத் துளைத்துச் செல்லும் குறுக்குச் சட்டங்கள்தான் அந்த வீட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. பலகைச் சுவர் பாரம் தாங்குவதில்லை. மரச்சட்டம் சாய்ந்தால் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்திவிடுவார்கள். ஆணிக் கதை போதும், எல்லோரும் அதையே பேசுகிறார்கள்.

கான்கிரீட் வேண்டவே வேண்டாம். தூண் கல்லின்மேல் சும்மா உட்கார்ந்திருப்பது ஈரம் ஏறாமல் இருக்கத்தான். சுற்றிலும் சிமெண்டை ஊற்றினால் தண்ணீர் உள்ளே தங்கி அடிமரத்தை அரித்துவிடும். இப்போது அடி உளுத்தால் அந்த முழத்தை மட்டும் அறுத்து, புது மரம் ஒட்டிவிடலாம்.

ஆனால் ஆட்களை வெளியேற்றச் சொன்னீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. அந்த வீட்டைக் காப்பதே அவர்கள்தானே! அடுப்புப் புகை மரத்தை உலர வைக்கிறது, பூச்சியை அண்டவிடாது. நகர்ந்த ஓடுகளைச் சரிசெய்ய ஒருவர் கூரை ஏற வேண்டும். ஓர் ஓடு விலகி, யாரும் கவனிக்காமல் சில மழைக்காலம் போனால், பொருத்துக்குள் நீர் இறங்கிவிடும். பூட்டிய வீடுதான் முதலில் விழும். தீ விபத்து நடக்காதா என்பீர்கள். நடக்கும். 2014 ஜனவரியில் அதே மாகாணத்தின் பாவ்ஜிங் என்ற, தோங் இனத்தவரின் கிராமத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அதற்குத் தண்ணீர்க் குழாயும் நல்ல மின்கம்பியும் கொடுங்கள். குடியை ஏன் கலைக்கிறீர்கள்?

ஷிஜியாங் இருக்கும் லெய்ஷான் வட்டாரத்தில் ஒரு முதிய தச்சரைப் பார்த்தேன். வரைபடம் எதுவும் கிடையாது. பிளந்த மூங்கில் கோல் ஒன்றில் மைக்கோடுகள். தூண்களின் உயரம், எந்தத் துளை எங்கே என்பதெல்லாம் அதில் இருந்தது. கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து, தூணில் அதே இடத்தைக் குறித்தார். அவர் மகன் குவாங்தோங் மாகாணத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். மியாவ் வீடுகட்டும் கலை 2006-லேயே சீனாவின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. சீன மரக்கட்டுமானக் கலையை 2009-ல் யுனெஸ்கோவும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நல்லதுதான், ஆனால் அந்தக் கோலை வாங்கிக்கொள்ள ஓர் இளைஞன் வேண்டாமா?

அடுத்த முறை போனால் குடும்பம் வாழும் மரவீட்டில் தங்குங்கள், பேரம் பேசாமல் வாடகை கொடுங்கள். ஓடு மாற்றும் செலவுக்கு அவர்களுக்கு அது உதவும்.