முதல் படமும் மாதச் சம்பளமும்

கேள்வி: வயது 29. கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் நாலு வருடம் நாலு மாதமாக எடிட்டராக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 140,000 ரூபா, சேமிப்பு 6 இலட்சம். சொந்தமாக ஒரு படம் எடுக்க 25 இலட்சம் வேண்டும். வேலையை விட்டு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து, அம்மாவின் நகையையும் அடகு வைத்தால் சமாளிக்கலாமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஈ.பி.எஃப். காசை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆண்களுக்கு அது 55 வயதில்தான் கைக்கு வரும். வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் முன்கூட்டியே ஒரு பகுதியை எடுக்க வழியுண்டு, படம் எடுக்க இல்லை. வேலையை விட்டால் எடுக்கக்கூடியது ஈ.டி.எஃப். எனும் ஊழியர் நம்பிக்கை நிதி. அது முதலாளி போடும் 3 வீதம்தான், இன்றைய சம்பளத்துக்கு மாதம் 4,200 ரூபா.

அப்புறம், நாலு வருடம் நாலு மாதம் என்கிறீர்கள். இந்த நேரத்தில் யாராவது ராஜினாமாக் கடிதம் கொடுப்பார்களா? 15 பேராவது வேலை செய்யும் இடமென்றால், ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று பணிக்கொடை கொடுத்தே ஆகவேண்டும். உங்களுக்கு அது 350,000 ரூபா. இன்னும் எட்டே மாதம்.

வங்க இயக்குநர் சத்யஜித் ராய் 1952இல் தன் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கியபோது அவரும் கல்கத்தாவில் விளம்பர நிறுவனமொன்றில்தான் இருந்தார். படப்பிடிப்பு ஞாயிற்றுக்கிழமைகளில். அக்காவும் தம்பியும் நாணல் வெளியில் ரயில் பார்க்கும் காட்சியில் பாதியை எடுத்துவிட்டு அடுத்த முறை போனால், பூவையெல்லாம் மாடு தின்றிருந்தது. திரும்பப் பூக்கும்வரை ஒரு வருடம் காத்திருந்து மீதியை எடுத்தார். மாதச் சம்பளம் வராத ஒருவர் கிடைத்ததை எடுத்து முடித்திருப்பார். ஆயுள் காப்புறுதியும் மனைவியின் நகையும் அடகுக்குப் போனது உண்மைதான், எல்லாருக்கும் அந்தக் கதைதான் ஞாபகம். ஆனால் அந்தக் காசும் போதாமல் படப்பிடிப்பு நின்றது. மேற்கு வங்க அரசு பணம் கொடுத்த பிறகே 1955இல் படம் வெளிவந்தது.

ஆகவே அம்மாவின் நகையைத் தொடவேண்டாம். அடகை பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் மீட்கவேண்டும், இல்லாவிட்டால் வட்டி கட்டிப் புதுப்பிக்கவேண்டும். அதற்குள் முதல் படத்தில் காசு திரும்பும் என்று நான் நம்பமாட்டேன்.

என் யோசனை இதுதான். சேமிப்பில் 3 இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டுவிட்டு அது இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மீதி 3 இலட்சத்தில், வார இறுதிகளில், கதையின் ஒரு பதினைந்து நிமிடத்தை மட்டும் எடுங்கள். எடிட்டிங் உங்கள் கையில், அதற்குச் செலவில்லை. சாப்பாட்டுக்கும் வாகனத்துக்கும்தான் காசு பறக்கும். 25 இலட்சம் கேட்டு யாரிடம் போனாலும் கையில் காட்ட அந்தப் பதினைந்து நிமிடம் இருக்கும். கமரா பிடிக்கும் நண்பருக்குப் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தால் அதை இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நியமனக் கடிதத்தையும் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். வெளிவேலை கூடாது என்று அதில் இருந்தால், முதல் ஞாயிற்றுக்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.