முகவரிக்குள் இருக்கும் ஊரை மட்டும் அட்டவணையில் காட்ட

வணக்கம் நண்பரே. வாடிக்கையாளர் பதிவுக்குள் முகவரி, அதற்குள் ஊர், பின்கோடு என்று அடுக்கியிருக்கிறீர்கள். டேட்டாடேபிள்ஸ் (வலைப்பக்க அட்டவணைகளுக்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) அட்டவணையில் ஊருக்குப் பதில் '[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]' வருகிறது என்கிறீர்கள். பத்திக்கு, அதாவது அட்டவணையின் செங்குத்து வரிசைக்கு, 'முகவரி' என்ற முழுப் பொட்டலத்தையே கொடுத்துவிட்டதுதான் காரணம். அதை எழுத்தாக மாற்றச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் அப்படித்தான் எழுதும்.

பத்தி வரையறையில் 'டேட்டா' என்ற இடத்தில் 'முகவரி.ஊர்' என்று புள்ளி வைத்து, மேற்கோள் குறிக்குள் ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) கொடுங்கள். தேடலும் வரிசைப்படுத்தலும் அந்த ஊர்ப் பெயரை வைத்தே நடக்கும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். முகவரியே இல்லாத ஒரு வாடிக்கையாளர் வந்தால் போதும், எச்சரிக்கைப் பெட்டி எழும்பிப் பயனரை மிரட்டும். அதனால் அதே பத்தியில் 'டீஃபால்ட்கன்டென்ட்' (மதிப்பு இல்லாதபோது காட்ட வேண்டியது) என்பதற்கு வெற்றுச் சரமோ ஒரு சிறுகோடோ கட்டாயம் வையுங்கள். உள்ளடுக்குப் பத்தி எதையும் நான் இது இல்லாமல் எழுதுவதே இல்லை.

ஒருவருக்குப் பல தொலைபேசி எண்கள் இருந்தால் 'தொலைபேசிகள்[, ].எண்' என்று எழுதலாம். எல்லா எண்களும் காற்புள்ளியுடன் ஒரே கட்டத்தில் வரும். சர்வர் பக்கச் செயலாக்கத்தை இயக்கியிருந்தால் மட்டும், வரிசைப்படுத்தும் வேலை உங்கள் சர்வருடையது. 'முகவரி.ஊர்' என்று வரும் பெயரைச் சரியான தரவுத்தளப் பத்தியோடு அங்கே நீங்களே பொருத்த வேண்டும்.