வாசகர் கேள்வி-பதில்: கண்டம் தாண்டிய பூச்சிகள்

கேள்வி: ஒரே வகை எறும்பின் புதைபடிவம் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் கிடைத்திருக்கிறதாமே! அட்லாண்டிக்கை எப்படிக் கடந்தது?

கடக்கவே இல்லை, நடந்து போயிருக்கிறது. நீங்கள் கேட்பது டைட்டானோமிர்மா என்ற பேரெறும்பைப் பற்றி. ராணியின் உடல் நீளம் மட்டும் சுமார் 5 செ.மீ. ஜெர்மனியின் மெசல் குழியில் கிடைத்தவை ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டு பழையவை. வயோமிங் மாநிலத்தின் கிரீன் ரிவர் பாறையில் கிடைத்து 2011-இல் பெயரிடப்பட்டது அதைவிடச் சற்று மூத்தது. அந்த இயோசீன் காலத்தில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் வடக்கே, கிரீன்லாந்து வழியாகத் தரைத் தொடர்பு கொண்டிருந்தன.

பாதை இருந்தது. சிக்கல் தட்பவெப்பம்தான். இன்று இவ்வளவு பெரிய ராணி உள்ள எறும்புகள் வெப்பப் பகுதிகளில்தான் வாழ்கின்றன. ஆர்க்டிக்கில் அப்போது பனிப்படலம் இல்லையென்றாலும், குளிர் பொறுக்காத பூச்சிக்கு அது தோதான இடமல்ல. இடையிடையே பூமி சில காலம் கூடுதலாகச் சூடானபோது மட்டும் அந்த வடக்குப் பாதை திறந்திருக்கும் என்பது 2011-இல் முன்வைக்கப்பட்ட விளக்கம்.

2023-இல் இது சோதனைக்குள்ளானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், அன்று குளிர்ந்த மேட்டுநிலமாக இருந்த பகுதியிலிருந்து இதே பேரினத்தின் ராணி ஒன்று அறிவிக்கப்பட்டது. பாறை நெரிந்ததில் படிவம் உருக்குலைந்துவிட்டது. ஒரு திசையில் சரிசெய்தால் நீளம் 3 செ.மீ.க்குச் சற்று மேல் வருகிறது, மறு திசையில் சரிசெய்தால் சுமார் 5 செ.மீ. சிறியது என்றால் குளிர்நிலத்தில் சிறிய வகை வாழ்ந்தது என்றாகும், பழைய விளக்கம் நிற்கும். பெரியது என்றால் அதை மறுபடி யோசிக்க வேண்டும். இன்னொரு நெரியாத படிவம் கிடைக்கும்வரை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அவசரம்.

கேள்வி: ஒரு பூச்சி இன்று வாழும் இடமே அதன் பூர்வீகம் என்று கொள்ளலாமா?

கூடாது. செட்சி ஈ இன்று ஆப்பிரிக்காவோடு பிணைந்த பூச்சி. அதன் படிவங்களோ கொலராடோவின் ஃபுளோரிசான்ட் ஏரிப்படிவில், சுமார் 3.4 கோடி ஆண்டுக்கு முந்தைய அடுக்கில் இருக்கின்றன. மாஸ்டோடெர்மஸ் கரையானில் இன்று எஞ்சியிருப்பது வட ஆஸ்திரேலியாவின் ஒரே இனம். அதன் உறவுகள் டொமினிகன் ஆம்பரிலும் (இறுகிப்போன பழங்கால மரப்பிசின்) ஐரோப்பியப் பாறைகளிலும் உண்டு. அமெரிக்காவின் இன்றைய தேனீக்கள் 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுபோனவை. ஆனால் நெவாடாவில் 1.4 கோடி ஆண்டுக்கு முந்தைய தேனீப் படிவம் ஒன்று 2009-இல் விவரிக்கப்பட்டது. அங்கே தேனீ இருந்து, அழிந்து, பிறகு மனிதரால் திரும்பி வந்திருக்கிறது. இன்றைய பரவலை மட்டும் பார்த்து வரைபடம் போட்டால் இந்த மூன்றுமே தப்பாகத்தான் வரும்.

கேள்வி: இந்தியா தீவாக நகர்ந்து வந்த காலத்துப் பூச்சிகள் தனி வகைகளா?

அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, 5 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட ஆம்பர் வேறு கதை சொன்னது. 2010-இல் வெளியான ஆய்வில் பல பூச்சிகளின் உறவினர்கள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருப்பது தெரிந்தது. ஆசியாவோடு முழுதாக மோதுவதற்கு முன்பே தீவுத் தொடர்கள் வழியாகப் பூச்சிகள் வந்துபோயிருக்கலாம்.

இந்த ஆம்பர் முழுதாக இறுகாதது. டொலுயீன் போன்ற கரைப்பானில் கரைத்துப் பூச்சியை முழு உருவில் வெளியே எடுக்க முடியும், இது அபூர்வமான வசதி. அதே காரணத்தால் இதைத் துடைக்க எந்தக் கரைப்பானையும் பயன்படுத்தக் கூடாது. மேற்பரப்பு பிசுபிசுத்து மங்கிவிடும்.

கேள்வி: களிக்கல்லைப் பிளந்தபோது இறக்கை ஒன்று தெரிகிறது. என்ன செய்வது?

முதலில், எடுக்க அனுமதி உள்ள இடமா என்று பாருங்கள். ஃபுளோரிசான்ட் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் கையே வைக்கக் கூடாது. அனுமதி இருந்தால், பிளந்த இரு பக்கங்களையும் எடுத்து 12-அ, 12-ஆ என ஒரே எண்ணிடுங்கள். பலர் தெளிவான பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இறக்கையில் கோடுகளாக ஓடும் நரம்பின் பாதி எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். இறக்கை மட்டும் கிடைத்ததே என்று வருந்த வேண்டாம், நரம்பமைப்பை வைத்தே பல வேளை குடும்பம் வரை, சில வேளை பேரினம் வரை சொல்லிவிடலாம்.

துலக்குவதும் வார்னிஷ் பூசுவதும் வேண்டாம். பூச்சு நுண்ணிய மயிர்களை மறைக்கும், நாளடைவில் மஞ்சளாகும். களி நிறைந்த கல் தண்ணீர் பட்டால் உப்பி உதிரும். எனவே ஓரத்தில் ஒரு துளி எத்தனால் விட்டுச் சோதியுங்கள்; கல் தாங்கினால் படிவத்தின்மேலும் ஒரு துளி விடலாம், அது காயும்வரை நரம்புகள் பளிச்சென்று தெரியும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒளி பாய்ச்சி, அளவுகோல் வைத்து, ஒளியின் திசையை மாற்றிப் பல படங்கள் எடுங்கள். மெசல் கல் விதிவிலக்கு: அதில் சுமார் 40 சதவீதம் நீர், உலர்ந்தால் வெடித்துவிடும். அதனால் அங்கே எடுக்கும் பூச்சிகளைக் கிளிசரினில் போட்டு வைக்கிறார்கள்.

எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்பதை அன்றே அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இறக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுக்கு தெரியாவிட்டால் வயது தெரியாது. வயது தெரியாத படிவத்தை எந்த இடப்பெயர்ச்சி வரைபடத்திலும் சேர்க்க முடியாது.