மூன்று முறை அதே செக், ஆனாலும் தோல்வி

கேள்வி: வார இறுதி செஸ் போட்டியில் என் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1510, எதிராளிக்கு 1640. யானை ஒன்று குறைவு என்றாலும் ராணியை வைத்து மாற்றி மாற்றி செக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவர் ராஜாவுக்கு ஓட இரண்டே கட்டங்கள். மூன்றாவது முறை காய்கள் அதே நிலைக்கு வந்ததும் கிளாக்கை அழுத்தி என் முறையை முடித்துவிட்டு "டிரா" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்பிட்டரும் (நடுவர்) ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டார். எரிச்சலில் வேறெதையோ ஆடித் தோற்றேன். இது நியாயமா?
– திருச்சி வாசகர்

பதில்: வயிற்றெரிச்சல் புரிகிறது, ஆனால் ஆர்பிட்டர் சொன்னது சரி. ஒரே நிலை மூன்றாவது முறை வந்தால் டிரா கோரலாம், ஆனால் உங்கள் முறை இருக்கும்போது மட்டும்தான். அந்த செக்கை முதலில் ஸ்கோர்ஷீட்டில் (நகர்த்தல்களைக் குறிக்கும் தாளில்) எழுத வேண்டும், காயைத் தொடாமல் கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரைக் கூப்பிட்டு, "இதை ஆடினால் மூன்றாவது முறை" என்று சொல்ல வேண்டும். நீங்கள் ஆடி, கிளாக்கையும் அழுத்திவிட்டீர்கள். அப்புறம் சொன்ன "டிரா" வெறும் சமரசப் பேச்சு. அதை மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு.

1971இல் பியூனஸ் அயர்ஸில் முன்னாள் உலக சாம்பியன் பெட்ரோசியானுடன் ஆடிய மூன்றாவது ஆட்டத்தில் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஃபிஷர் முறைப்படி செய்தது இதைத்தான்: 34ஆவது நகர்த்தலை எழுதிவிட்டு டிரா கோரினார். பெட்ரோசியானுக்கே முதலில் என்ன நடக்கிறதென்று புரியவில்லையாம். இடையில் ஆடிய நகர்த்தல்கள் வேறுவேறு, ஆனால் திரும்ப வந்த நிலை ஒன்றே. எண்ண வேண்டியது நகர்த்தலை அல்ல, நிலையை. அதுவும் ஒவ்வொரு முறையும் அடுத்து ஆட வேண்டியவர் அதே ஆளாக இருக்க வேண்டும்.

எனக்கு வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். அவர் ராஜாவை மறுபடி அதே கட்டத்துக்கு நகர்த்தியதும் முறை உங்களுடையது, உரிமையும் உயிரோடுதான் இருந்தது. வழக்கமான செக்கை எழுதிவிட்டு ஆர்பிட்டரைக் கூப்பிட்டிருந்தால் போதும், அரைப் புள்ளி கையில். கூச்சமாக இருந்தால் பேசாமல் செக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கலாம், ஐந்தாவது முறை அதே நிலை வந்தால் யாரும் கேட்காமலே டிராதான்.

கோரிக்கை தப்பாகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். தப்பானால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், ஆட்டம் தொடரும். யானை குறைவாக உட்கார்ந்திருந்த உங்களுக்கு அது ஒரு விலையே இல்லை.