மணற்கல்லின் பொராசிட்டியை முடிவு செய்வது படிவா, சிமெண்டா?

“சேலத்தில் ஜியாலஜி படிக்கிறேன், இங்கே பார்க்க மணற்கல்லே கிடையாது. ரிசர்வாயரின் பொராசிட்டியை முடிவு செய்வது மணல் படிந்த விதமா, பிறகு வந்த சிமெண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொராசிட்டி என்பது கல்லில் துளை இடம் எத்தனை சதவீதம் என்பது. சிமெண்ட் என்பது மணிகளுக்கு நடுவில் வளர்ந்து அவற்றை ஒட்டும் தாது. ரிசர்வாயர் என்பது எண்ணெயோ தண்ணீரோ தங்கும் கல். படிவு முதல் போடுகிறது. மேலே ஏறும் பாரத்தால் வரும் இறுக்கமும் சிமெண்டும் அதிலிருந்து செலவு செய்கின்றன. எந்தச் சிமெண்ட் வரும் என்பதிலும் படிவுச் சூழலுக்குப் பெரிய கை உண்டு.

ஒரே அளவு உருண்டைகளைத் தளர அடுக்கினால் இடைவெளி 47.6%, நெருக்கி அடுக்கினால் 26%. உருண்டையின் பருமன் இந்தக் கணக்கில் வரவே வராது. “பருமணல் என்றால் பொராசிட்டி அதிகம்” என்று இன்னமும் கைடுகளில் அச்சடிக்கிறார்களே, அது தப்பு. பருமனால் கூடுவது பெர்மியபிலிட்டி, அதாவது துளைகள் வழியே திரவம் ஓடும் வசதி. மணிகள் ஒரே அளவாக இருக்கும் புது மணலில் பொராசிட்டி 40–42%. பொடியும் பருவும் கலந்திருந்தால் 28% வரை இறங்கும்.

சிமெண்டைக் குறை சொல்லும் முன் கணக்குப் போடுங்கள். துளைகளில் நீல எபாக்சிப் பசை ஏற்றிய, நுண்ணோக்கியில் பார்க்கும் மெல்லிய கல் சீவலான தின் செக்‌ஷன் வேண்டும். இல்லாவிட்டால் தேய்க்கும்போது மணி பெயர்ந்த குழியும் துளை மாதிரித் தெரியும். அதில் 300 புள்ளிகளில் எது இருக்கிறது என்று எண்ணுங்கள். துளை 15%, சிமெண்ட் 10%, மணி 75% என்று வந்தால்: தொடக்கத்தில் பொராசிட்டி 40, மணி 60. அந்த 60 இன்று 75 சதவீதம் என்றால், 100 பங்கு மணல் 80 ஆகச் சுருங்கியிருக்கிறது. இறுக்கம் தின்றது 20. 80-ல் பத்து சதவீதம், அதாவது 8, சிமெண்ட் தின்றது. பல மணற்கற்களில் பெரிய திருடன் இறுக்கம்தான். (தொடக்கம் 40 என்பது ஊகம், மணிகள் கரைந்திருந்தால் கணக்கு மாறும். தெரியும், சண்டைக்கு வராதீர்கள்.) மாறாக, கால்சைட் (சுண்ணாம்புத் தாது) சிமெண்ட் மட்டுமே 36% இருந்தால், கல் இறுகும் முன்பே, ஆழம் குறைவாக இருந்தபோதே அது வந்துவிட்டது என்று அர்த்தம்.

குவார்ட்ஸ் சிமெண்ட் குறிப்பிடும்படி வளர 70–80°C வேண்டும். தரையில் சுமார் 30°C இருந்து, கிலோமீட்டருக்கு 30°C ஏறும் இடத்தில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழம். அதற்குச் சுத்தமான குவார்ட்ஸ் முகம் தேவை. ஆறு இரும்பைக் கொண்டுவந்து கொட்டும் டெல்டா மணலில் குளோரைட் என்ற களித்தாது மணிகள்மேல் பூச்சாக உருவாகி அதைத் தடுக்கலாம். அலை கழுவிய சுத்தமான கடற்கரை மணலுக்கு அந்தக் காப்பு இருக்காது. படிந்தபோது முதல் தரமாக இருந்த மணல் ஆழத்தில் கெட்டுப்போவது இப்படித்தான்.

இல்லைட் என்ற களித்தாது வேறு கதை. துளைக்குள் மயிரிழையாக வளரும். பொராசிட்டி அவ்வளவாகக் குறையாது, பெர்மியபிலிட்டி பத்தில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோ விழும். துளையிட்டு எடுத்த கல் மாதிரியை (கோர்) சாதாரண லேப் அடுப்பில் காயவைத்தால் அந்த இழைகள் மணியோடு ஒட்டிப்போய், லேபில் பெர்மியபிலிட்டி பொய்யாகக் கூடிவரும். 60°C, ஈரப்பதம் 40% அளவில் வைத்துக் காயவையுங்கள்.

இனி சேலம்: சேர்வராயன் மலை சார்னோகைட், அடிவாரத்தில் நைஸ், இரண்டும் மணியிடைத் துளை இல்லாத கெட்டிப் பாறை. தண்ணீர் இருப்பது மேலே மக்கிய பகுதியிலும் கீழே விரிசல்களிலும்தான். ஆயிரம் அடிக்குப் போர் போட்டுவிட்டு, “மணல் ஊற்று இன்னும் கீழே இருக்கிறது” என்று அடிக்கணக்கை ஏற்றுபவர்களுக்கு இது எட்டினால் நல்லது. இடைவெளியைத் தாது அடைப்பதைக் கண்ணால் பார்க்க, சேலத்து வெள்ளைக்கல் குவாரி போதும்: டுனைட் பாறையின் விரிசல்களில் மேக்னசைட் என்ற வெள்ளைத் தாது நரம்பு நரம்பாக ஓடும். அது விரிசல் நிரப்புதல், மணியிடைச் சிமெண்ட் அல்ல. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மணற்கல்லே பார்க்க ஆத்தூர், பெரம்பலூர் வழியாக அரியலூர்ப் பக்கம் போங்கள். கருடமங்கலம் மணற்கல்லில் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் பொங்கும். சிப்பித் துண்டும் பொங்கும் என்பதால், லென்ஸ் வைத்து மணிகளுக்கு நடுவில் சொட்டு விடுங்கள்.