ஒரே நாளில் பத்தும் வேண்டாம், ஒரு பள்ளத்தாக்கு போதும்

கேள்வி: மே மாதம் சைப்ரஸ் போகிறோம், லிமாசோலில் தங்கல். துரோடோஸ் மலையில் உள்ள பைசாந்திய (பழைய கிழக்கு ரோமப் பேரரசின் பாணி) ஓவியத் தேவாலயங்களுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எதைப் பார்ப்பது? பூட்டிக் கிடக்கும் என்கிறார்களே?

பதில்: யுனெஸ்கோ பட்டியலில் அங்கே பத்து தேவாலயங்கள் உண்டு. 1985இல் ஒன்பது, 2001இல் இன்னொன்று. பத்தையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினால் மலைப்பாதை வளைவுகள்தான் நினைவில் நிற்கும். மராத்தாசா பள்ளத்தாக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெடுலாஸ், முடுல்லாஸ், கலோபனயோட்டிஸ் என்று மூன்று ஊர்கள் ஒரே சாலையில் அடுத்தடுத்து வருகின்றன.

பெடுலாஸில் தொடங்குங்கள். தூதர் மிக்கேல் தேவாலயம் வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டுக்கூரை போட்ட களஞ்சியம் போலத்தான் தெரியும். மழையும் பனியும் தங்காமல் வழிய வேண்டும் என்பதற்காகவே கூரை அவ்வளவு சரிவு. உள்ளே 1474இல் மினாஸ் என்ற ஓவியர் தீட்டியவை. மேல் வரிசையில் இயேசுவின் வாழ்க்கை, கீழே புனிதர்கள். வடக்கு வாசலுக்கு மேலே இருப்பதைத் தவற விடாதீர்கள். கோயிலைக் கட்டுவித்த பாதிரியார் வாசிலியோஸ் ஹமாதோஸ், மனைவியோடும் இரண்டு மகள்களோடும் நின்று, கோயிலின் சிறு வடிவத்தை மிக்கேலிடம் கொடுக்கிறார். அரசர் யாரும் இல்லை. ஒரு மலை ஊர்க் குடும்பம், அன்றைக்கு உடுத்திய உடையோடு. இந்தத் தேவாலயங்களின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன். அரை மணி நேரமாவது உள்ளே இருங்கள். கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் நிறங்கள் தெளியும்.

முடுல்லாஸில் உள்ள மாதா கோயில் மிகச் சிறியது, ஓவியங்கள் 1280ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கலோபனயோட்டிஸில் புனித யோவான் லம்பாதிஸ்தீஸ் மடாலயம். மூன்று கோயில்கள் ஒரே பெருங்கூரையின் கீழ் இருக்கின்றன.

சரி, பூட்டு விஷயம். சிலவற்றின் சாவி ஊரில் ஒருவரிடம் இருக்கும். கதவில் தொலைபேசி எண் எழுதியிருந்தால் அழையுங்கள், இல்லையென்றால் காபிக் கடையில் கேளுங்கள். முந்தைய நாளே தங்குமிடத்தில் சொல்லிப் பேச வைத்தால் இன்னும் நல்லது. மதியம் ஓய்வு நேரம், காலையிலேயே போய்விடுங்கள். திறந்து விடுபவர் கையில் பணம் திணிக்க வேண்டாம். உண்டியலில் போட்டால் போதும்.

தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். பீடத்தை மறைக்கும் மரத்தடுப்புக்கு அப்பால் போகக் கூடாது. படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள், பிளாஷ் எங்குமே வேண்டாம். சுவரில் சாயாதீர்கள், விரல் வைக்காதீர்கள். அந்தப் பூச்சு போனால் போனதுதான்.

காரில் போவதே வசதி. நம்மைப் போல அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

அப்புறம், அசினூ தேவாலயம் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1105-06இல் தீட்டிய ஓவியங்கள், அருமையானவை. ஆனால் அது மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது. லிமாசோல் திரும்ப வேண்டிய உங்களுக்குச் சுற்று வழி. பயணத்தில் தலைநகர் நிக்கோசியாவும் இருந்தால், அங்கிருந்து அரை நாளில் போய் வந்துவிடலாம்.