கைப்பேசியில் மாறும் இன்சுலின் அளவு

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டு ஊரில் தனியாக இருக்கிறார். அவரை நெடுநாளாகப் பார்த்துவரும் மருத்துவர் இப்போது கைப்பேசியில் பேசியே இன்சுலின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் சொல்கிறார். இது பாதுகாப்பானதா? மருத்துவர்களாகிய நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
- வாசகி ஒருவர், திருவாரூர்

பதில்: மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று தொலைவழி மருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது முதல், பதிவு பெற்ற மருத்துவர் கைப்பேசியில் ஆலோசனை கூறுவது முறைப்படி ஏற்கப்பட்ட ஒன்று. மாதந்தோறும் பேருந்தேறி வந்து வரிசையில் காத்திருக்க இயலாத முதியவர்களுக்கு இது பேருதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கவலையெல்லாம், நாங்கள் சொன்ன அளவுதான் நோயாளியின் உடலுக்குள் செல்கிறதா என்பதை மறுமுனையிலிருந்து அறிய முடியாததைப் பற்றியதே.

நம் நாட்டில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வலிமை உடையது. அதற்குரிய ஊசிக்குச் சிவப்பு மூடி. பேனா வடிவக் கருவியில் போடும் இன்சுலினோ பொதுவாக மில்லிக்கு 100 யூனிட். பேனா பழுதாகி, அதன் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 10 யூனிட் கோடு வரை இழுத்துப் போட்டால், உடலுக்குள் செல்வது 25 யூனிட். நேரில் வந்தால் ஊசியைக் கையில் வாங்கிப் பார்த்துவிடுவோம். கைப்பேசியில் "பத்து யூனிட் போடுங்கள்" என்றால் "சரிங்க டாக்டர்" என்ற பதில் வருமே தவிர, எந்த ஊசி, எந்த மருந்து என்பது தெரியாது.

ஆகவே அளவு மாறும் நாளில் காணொளி அழைப்பில் மருந்தையும் ஊசியையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் சொன்ன அளவைத் தாயார் தம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். பதிவு எண்ணுடன் கூடிய மருந்துச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். இப்படிக் கேட்டால் மருத்துவர் தவறாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். எங்களுக்கு அது நிம்மதியையே தருகிறது.

வியர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் தோன்றினாலோ, ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ, மருத்துவர் அழைப்பை எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. நினைவு தெளிவாக இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். தாயார் தனியாக இருப்பதால் அண்டை வீட்டார் ஒருவரிடமேனும் இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: நேரில் எழுதித் தந்த தூக்க மாத்திரையைக் கைப்பேசியில் கேட்டால் மருத்துவர் மறுக்கிறாரே?
- வாசகர் ஒருவர், கரூர்

பதில்: போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைவழியில் எழுதித் தருவதை, ஒருசில விலக்குகள் தவிர, அந்த நெறிமுறைகள் தடை செய்கின்றன. தூக்க மாத்திரைகள் பலவும் அச்சட்டத்தின் கீழ் வருபவை. எனவே அவர் மறுத்தது முறையே. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே நேரில் சென்று பாருங்கள். நெடுநாள் எடுத்துவந்ததைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தாகலாம்.